திரும்பத் திரும்ப நிமோனியா: பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் உள்ள கிராமம் எங்களுடையது. என் மகனுக்கு 21 வயது. அவன் உடம்பில் பிறவியிலிருந்தே ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், உருவாகாது. எக்ஸ்எல்ஏ என்று சொல்லுவார்கள். 9 வயது வரை இது யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தபோது இடது நுரையீரலின் அடிப்பகுதி கெட்டிருந்தது. அதன் பிறகு ஆஸ்பத்திரி வராண்டாவிலும் பஸ்ஸிலும் போனிலும் பல பெற்றோர் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து அளவு, மாற்றம் எல்லாம் உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை.

எதிர்ப்புச் சக்தி குறைவு என்றால் சத்துக் குறைவுதானே? முட்டை, கீரை, சத்துமாவு கொடுத்தால் சரியாகாதா?

சரியாகாது. நான் கருப்பட்டி, முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி முட்டை, தூதுவளை ரசம் என்று எதையும் விடவில்லை. சாப்பாடு நல்லதுதான், பிள்ளை எடை கூடும். ஆனால் ஆன்டிபாடியை உருவாக்கும் பி செல் என்கிற வெள்ளையணுவே உடம்பில் இல்லை என்றால் சத்துமாவு எதைப் போய் வலுப்படுத்தும்? இது மரபணுவில் உள்ள பிழை. இந்த வகைக் குறைபாடுகளில் இதுவரை 500க்கு மேல் அடையாளம் கண்டிருக்கிறார்கள். சிலருக்கு ஆன்டிபாடி இருக்காது, சிலருக்கு டி செல் என்கிற இன்னொரு வகை வெள்ளையணு இருக்காது, சிலருக்கு வெள்ளையணு கிருமியை விழுங்கும் ஆனால் கொல்லத் தெரியாது. பெரியவர்களுக்கு 20, 30 வயதில் தெரியவரும் வகையும் உண்டு, சிவிஐடி என்று பெயர். அதனால் இதைக் குழந்தை நோய் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

அப்படியானால் இது எய்ட்ஸா?

இல்லவே இல்லை. எய்ட்ஸ் ஹெச்ஐவி கிருமியால் பின்னாளில் வருவது. இது பிறவியிலேயே இருப்பது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. எங்கள் தெருவில் இந்தப் பேச்சு வந்தபோது பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்தார்கள். நான் தலைமையாசிரியரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, 'இவனிடமிருந்து யாருக்கும் எதுவும் வராதுங்க, மற்ற பிள்ளைகளிடமிருந்துதான் இவனுக்குச் சளி வரும்' என்று சொன்ன பிறகுதான் மாற்றி உட்கார வைத்தார்கள். நீங்களும் நேரே போய்ச் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் பேச்சு பெருகும்.

எல்லாப் பிள்ளைக்கும் சளி பிடிக்கிறது. எப்போது சந்தேகப்பட வேண்டும்?

சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் ஏழெட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம், தானாகவே வந்து தானாகவே போகும். பார்க்க வேண்டியது வேறு. ஒரே வருடத்தில் இரண்டு நிமோனியா. காதில் சீழ் வந்து, நின்று, மறுபடி வருவது. மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் குணமாகாதது. வாய் மருந்து கேட்காமல் ஒவ்வொரு முறையும் ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டியிருப்பது. உடம்பின் உள்ளே கட்டி, ஈரலில் சீழ். ஒரு வயதுக்கு மேலும் வாயில் வெள்ளைப் படலம். எடை ஏறாதது.

இன்னொன்றை நான் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்: குடும்பத்தில் சிறுவயதிலேயே இறந்த ஆண்பிள்ளைகள் உண்டா என்று கேளுங்கள். என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் இரண்டு பையன்கள். இருவருமே 4 வயது தாண்டவில்லை. ஒருவனுக்குக் 'கணை' என்றார்கள், இன்னொருவனுக்கு 'நெஞ்சில் சளி கட்டிவிட்டது' என்றார்கள். அந்தக் கதையை நான் ஒரு டாக்டரிடமும் சொல்லவில்லை, ஒரு டாக்டரும் கேட்கவுமில்லை. சொல்லியிருந்தால் என் மகனுக்கு ஆறேழு வருடம் மிச்சமாகியிருக்கும்.

எக்ஸ்எல்ஏ பிள்ளைகள் முதல் ஆறு மாதம் நன்றாகவே இருப்பார்கள். கர்ப்பத்தில் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி அதுவரை காப்பாற்றும், அது கரைந்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும். என் மகனுக்கு 7வது மாதம் காதில் சீழ் வந்தது. பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்? பெங்களூர், மும்பை என்று போக வேண்டுமா?

முதல் படிக்கு எங்கும் போக வேண்டாம். ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று வகை ஆன்டிபாடியின் அளவும், வெள்ளையணுக்களின் வகைவாரி எண்ணிக்கையும் பார்த்தால் போதும். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் உள்ள பெரிய லேப்களில் ரத்தம் எடுத்து, தேவைப்பட்டால் வெளியூருக்கு அனுப்பி ரிசல்ட் வாங்கித் தருவார்கள். வயதுக்கு வயது சாதாரண அளவு மாறும், அதனால் ரிப்போர்ட்டைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு துப்பு உங்கள் வீட்டு ஃபைலிலேயே இருக்கலாம். ஈரல் சோதனை என்று எடுக்கிற எல்எஃப்டி ரிப்போர்ட்டில் மொத்தப் புரதம், ஆல்புமின், குளோபுலின் என்று மூன்று வரி இருக்கும். ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியெல்லாம் அந்தக் குளோபுலின் கணக்கில்தான் வரும், அதனால் அது மிகவும் குறைவாக இருந்தால் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் மகனின் பழைய ஃபைலில் மூன்று ரிப்போர்ட்டுகளில் குளோபுலின் 1.4, 1.3, 1.4 என்று இருந்தது. பெரும்பாலும் 2க்கு மேல் இருக்க வேண்டியது. மூன்று இடத்திலும் லேப்காரர் அதன் பக்கத்தில் கீழ்நோக்கி அம்புக்குறி போட்டிருந்தார். ஈரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஃபைலை மூடிவிட்டார்கள்.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு இளம் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தவர், 'ஏம்மா, பிள்ளைக்கு டான்சில் ஆபரேஷன் பண்ணியிருக்கா?' என்று கேட்டார். இல்லை என்றேன். 'அப்போ டான்சில் எங்கே?' என்றார். இத்தனை முறை தொண்டைப்புண் வந்த பிள்ளைக்கு டான்சில் வீங்கி இருக்க வேண்டும், இவனுக்கோ இருந்த இடமே தெரியவில்லை. டான்சில் நிறைந்திருப்பது பி செல்லால்தான், அந்தச் செல் இல்லாதவனுக்கு டான்சில் எப்படி வளரும்? அந்த ஒரு கேள்வியில் எங்கள் வாழ்க்கை திரும்பியது. எந்த வகை என்று உறுதி செய்யும் ஃப்ளோ சைட்டோமெட்ரி (வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணுவது), மரபணுச் சோதனைகள் அதற்கப்புறம்தான். மும்பையில் ஐசிஎம்ஆரின் தேசிய ரத்த நோயெதிர்ப்பியல் நிறுவனம், சண்டிகரில் பிஜிஐ ஆகிய இடங்கள் இந்தியாவில் இந்தத் துறையில் பல வருடங்களாக ஆராய்ச்சி செய்கின்றன.

ஒரு எச்சரிக்கை. இம்யூனோகுளோபுலின், அதாவது மற்றவர்கள் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி மருந்து, ஏற்றிய பிறகு ஆன்டிபாடியைத் தேடும் ரத்த டெஸ்டுகளை அப்படியே நம்ப முடியாது, டெங்கு ஐஜிஜி போன்றவை உட்பட. தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடி அதில் தெரியும். ஆன்டிபாடியே உருவாகாதவருக்கு நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். கிருமியையே நேரடியாகத் தேடும் பிசிஆர் போன்ற சோதனையைக் கேளுங்கள்.

டிபி என்று சொல்லி ஆறு மாத மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். என்ன செய்வது?

நிறுத்தாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாராவது டிபி மருந்தைப் பாதியில் விட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். டிபி நம் ஊரில் உண்மையிலேயே இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அது வரும்.

ஆனால் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சளியில் கிருமி தெரிந்ததா, அல்லது எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து ஆரம்பித்தீர்களா? என் மகனுக்கு 5 வயதில் ஒரு முறை, 8 வயதில் ஒரு முறை, இரண்டு தடவை முழு டிபி கோர்ஸ் கொடுத்தார்கள். இரண்டு தடவையும் சளியில் கிருமி தெரியவில்லை. எங்கள் பக்கம் நீண்ட இருமல் என்றாலே பெரியவர்கள் 'செங்கிப்பட்டிக்கு அழைச்சிட்டுப் போ' என்பார்கள், அங்கேதான் டிபி ஆஸ்பத்திரி. டிபி அல்லாத இருமலும் இருக்கலாம் என்று யோசிக்க எங்களுக்கு நேரமாகிவிட்டது. இரண்டாம் முறை டிபி மருந்து எழுதும்போதாவது 'ஏன் மறுபடி வருகிறது' என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

2019இல் வெளியான ஒரு இந்திய ஆய்வு 31 மையங்களில் பிராங்கியெக்டசிஸ் (மூச்சுக்குழாய் அகன்று கெட்டுப்போவது) உள்ள 2,195 பேரைக் கணக்கெடுத்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் பழைய டிபியே காரணம் என்று பதிவாகியிருந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதிர்ப்புச் சக்தி டெஸ்டே எடுக்காமல் 'பழைய டிபி' என்று எழுதிவைத்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், என் மகனையும் அப்படித்தானே எழுதி வைத்திருந்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. முக்கியமாக டிபி இனக் கிருமிகளை எதிர்க்க முடியாத பிறவிக் குறைபாடுகள் இருக்கின்றன. அதற்கான முதல் மரபணுப் பிழைகளை 1996இல் கண்டுபிடித்தார்கள். டிபி இனக் கிருமியால் செய்த பிசிஜி ஊசி போட்ட பக்கம் அக்குளில் நெறி கட்டிப் பழுத்து, ஆறாமல், உடம்பெல்லாம் பரவினால் அதைச் சாதாரண நெறி என்று விடக்கூடாது.

நுரையீரல் எப்படிக் கெடுகிறது? திரும்பச் சரியாகுமா?

ஒவ்வொரு நிமோனியாவும் மூச்சுக்குழாயின் சுவரை அரிக்கிறது. அரித்த இடம் அகன்று தளர்ந்து போகிறது, அந்த இடத்தில் சளி தேங்குகிறது, தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது, அது மறுபடி சுவரை அரிக்கிறது. வாய்க்காலில் ஒரு இடத்தில் கரை உடைந்து குட்டையானால் ஓடுகிற தண்ணீர் அங்கேயே நின்று பாசி பிடிக்குமே, அதுபோல. அதற்குத்தான் பிராங்கியெக்டசிஸ் என்று பெயர். காலையில் எழுந்ததும் கப் கப்பாக மஞ்சள் சளி, சில சமயம் ரத்தக்கோடு. எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாது, சிடி ஸ்கேனில்தான் தெரியும்.

மிகவும் ஆரம்பத்தில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மீளலாம் என்கிறார்கள். முற்றிவிட்டால் மீளாது. என் மகனுக்கு மீளவில்லை. மேலும் பரவாமல் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். சீக்கிரம் டெஸ்ட் எடுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான். ஆன்டிபாடியை வெளியிலிருந்து கொடுத்துவிடலாம், நுரையீரலைக் கொடுக்க முடியாது.

இந்த நோய் எப்படித் தெரியவந்தது?

1952இல் அமெரிக்காவில் ஆக்டன் புரூட்டன் என்ற ராணுவக் குழந்தை மருத்துவரிடம் 8 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ரத்தத்தில் கிருமி பரவி மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தவன். ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரெசிஸ் கருவி அப்போது அங்கே இருந்தது. அதில் போட்டுப் பார்த்தால் ஆன்டிபாடி அடங்கிய காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினை மாதந்தோறும் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார், தொற்றுகள் நின்றன. 1952இல் ஒரு டாக்டர் பார்த்த அதே வெற்றிடம்தான் எங்கள் ஃபைலில் 1.3 என்று எழுதிக் கிடந்தது.

அதற்கான மரபணுவை 1993இல் கண்டுபிடித்தார்கள். எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, புரூட்டன் பெயராலேயே பிடிகே என்று அழைக்கிறார்கள். அந்தப் புரதம் இல்லாவிட்டால் பி செல் எலும்பு மஜ்ஜையிலேயே வளர்ச்சி நின்றுபோகும். அதே புரதத்தை மருந்தால் தடுத்து, பி செல்லில் வரும் சில ரத்தப் புற்றுநோய்களுக்கு இன்று வைத்தியம் செய்கிறார்கள். என் மகன் போன்ற பையன்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது வேறு யாருக்கோ உயிர் கொடுக்கிறது என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

ஐவிஐஜி என்பது என்ன? எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை வருடம்?

ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தானமாகக் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்து, சுத்தப்படுத்தி, அதிலிருந்து ஐஜிஜி ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்த மருந்து. நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். உடம்பில் ஐஜிஜி சுமார் 21 நாளில் பாதியாகிவிடும், அதனால் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை, ஆயுள் முழுக்க. வழக்கமாக உடம்பு எடையில் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம். சில நாடுகளில் வாரம் ஒருமுறை தாங்களே தோலுக்கடியில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

டாக்டர்கள் 'டிரஃப் லெவல்' என்று ஒன்றைப் பார்ப்பார்கள். அடுத்த டோஸ் ஏற்றுவதற்குச் சற்று முன்னால் ஐஜிஜி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற அளவு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை நான் இப்படித்தான் சொல்வேன்: முறை வைத்துத் தண்ணீர் விடும்போது தலைமடை வயலைப் பார்த்துப் பயிர் நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது, அடுத்த முறை வருவதற்கு முந்தின நாள் கடைமடை வயல் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு, டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராம் டிரஃப் வைத்தவர்களுக்கு வந்த நிமோனியா, 1,000 வைத்தவர்களுக்கு வந்ததைப் போல 5 மடங்கு என்று காட்டியது. ஒவ்வொரு 100 கூடும்போதும் நிமோனியா 27 சதவீதம் குறைந்தது. 'லெவல் நார்மல்தான்' என்று சொன்னால் எவ்வளவு என்று எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நுரையீரல் ஏற்கெனவே கெட்டவருக்குக் கூடுதல் அளவு வேண்டுமா என்றும் கேளுங்கள்.

வேகமாக ஏற்றினால் தலைவலி, குளிர், காய்ச்சல் வரும். முந்தின நாளும் அன்றும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், சொட்டு மெதுவாக இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டிலின் பெயரையும் பேட்ச் எண்ணையும் ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள்.

பெரும்பாலான பாட்டில்களை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜில் நான்கு பாட்டில் இருந்தன. தெர்மகோல் பெட்டியில் போட்டு, ஐஸ் நேரடியாகப் படாமல் துணி சுற்றி, மரம் விழுந்து கிடந்த சாலையில் என் தம்பி பைக்கில் தஞ்சாவூர் வரை கொண்டுபோய் ஒரு மருந்துக்கடை ஃப்ரிட்ஜில் வைத்தான். உறைந்துபோனாலும் மருந்து வீண், அதனால் ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். ஐப்பசி பிறந்ததும் கரண்ட் போனால் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஐவிஐஜி தவறாமல் போடுகிறோம், பிறகும் ஏன் சளி நிற்கவில்லை?

இந்தக் கேள்வியில்தான் பலர் மனம் உடைந்து போகிறார்கள். பாட்டிலில் இருப்பது ஐஜிஜி. மூச்சுக்குழாயின் ஈரப்பரப்பில் காவல் நிற்பது முக்கியமாக ஐஜிஏ, அது பாட்டிலில் கிட்டத்தட்ட இல்லை. பெரிய நிமோனியா குறையும், ரத்தத்தில் கிருமி பரவுவது குறையும், ஆனால் மூக்கு, சைனஸ், மூச்சுக்குழாய்த் தொற்று கொஞ்சம் தொடரும்.

அதற்குத் தினமும் சளியை வெளியே எடுக்க வேண்டும். நாங்கள் காலையில் உப்புநீர் நெபுலைசர் வைத்து, பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி ஆழமாக மூச்சிழுத்து 'ஹா' என்று விட்டு, பக்கவாட்டில் படுக்கவைத்து எடுக்கிறோம். இருபது நிமிடம். அலுப்பாக இருக்கும், ஒருநாள் விட்டால் மறுநாள் தெரியும்.

இத்தாலியில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. ஆன்டிபாடிக் குறைபாட்டோடு நெஞ்சுத் தொற்றும் தொடர்ந்து இருந்த 89 பேரில் ஒரு பாதிக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 250 மில்லிகிராம் வாரம் 3 நாள், இன்னொரு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை, 2 வருடம். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வருடத்தில் 5.2 முறை நெஞ்சுத் தொற்று முற்றியது, அசித்ரோமைசின் சாப்பிட்டவர்களுக்கு 3.6 முறை. பெரிய வித்தியாசம்தான். ஆனால் கடையில் நீங்களாக வாங்கி ஆரம்பிக்காதீர்கள். சளியில் டிபி இனக் கிருமி இல்லை என்பதையும் இசிஜியையும் பார்த்துவிட்டுத்தான் டாக்டர்கள் எழுதுவார்கள்.

தொற்றே இல்லை, ஆனால் சிடியில் நுரையீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது என்கிறார்களே?

சிவிஐடி உள்ள சிலருக்கு வெள்ளையணுக்களே நுரையீரல் திசுவில் கூட்டமாகச் சேர்ந்து முடிச்சு முடிச்சாகிவிடும். கிளில்ட் என்று டாக்டர்கள் சொல்வார்கள். கிருமியோடு போராட ஆளில்லாத அதே எதிர்ப்பு மண்டலம் தன் உடம்போடு போராடுகிறது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கே நாள் ஆனது. பல பேருக்கு மண்ணீரலும் வீங்கியிருக்கும். இதுவும் டிபி என்றோ சார்காய்டோசிஸ் என்ற வேறொரு நுரையீரல் நோய் என்றோ தவறாகப் போய்விடும், அதனால் திசு எடுத்துப் பார்க்க வேண்டிவரும். இதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, ஐவிஐஜி மட்டும் போதாது. ஸ்டீராய்டு, ரிட்டுக்ஸிமாப் போன்றவை கொடுக்கிறார்கள்.

ஆராய்ச்சி இப்போது வேகமாக நடப்பது இந்த இடத்தில்தான். 'சிவிஐடி' என்று ஒரே பெயரில் அடைத்து வைத்திருந்தவர்களில் பலருக்குத் தனித்தனி மரபணுப் பிழை தெரியவந்திருக்கிறது. 2012இல் எல்ஆர்பிஏ, 2013இல் பிஐ3கே டெல்டா, 2014இல் சிடிஎல்ஏ4. பிழை எது என்று தெரிந்தால் அதற்கேற்ற மருந்து கொடுக்க முடிகிறது. பிஐ3கே டெல்டா பிழைக்கென்றே உருவாக்கிய லெனியோலிசிப் மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆகவே மரபணு டெஸ்ட் எடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சிலருக்கு வைத்தியமே மாறும்.

நாங்கள் விவசாயக் குடும்பம். வயல், வைக்கோல், மாடு எல்லாம் விட்டுவிட வேண்டுமா?

எந்த வகைக் குறைபாடு என்பதைப் பொறுத்தது. சிஜிடி என்ற வகைக்கு மிகவும் கவனம் வேண்டும். அதில் வெள்ளையணு பூஞ்சையைக் கொல்லாது. ஈரம் பட்ட வைக்கோல்போர், மட்கிய இலைதழை, எருக்குழி, இவற்றைக் கிளறும்போது அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்து ஏராளமாகப் பறக்கும். நல்ல உடம்புக்குத் தும்மலோடு போகும். சிஜிடி பிள்ளைக்குச் சில நாளிலேயே இரண்டு நுரையீரலும் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். தை மாதம் அறுப்பு நேரத்தில் மழை பெய்து, நனைந்த வைக்கோலைக் களத்தில் உதறிக் காயப்போடுவோமே, அந்தப் பக்கமே அந்தப் பிள்ளை போகக்கூடாது. முகத்தில் துண்டு கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள்.

சேற்று மண்ணிலும் ஒரு கிருமி உண்டு, மெலியாய்டோசிஸ் வருவது அதனால். நெல் வயலின் ஈர மண்ணில் வாழும், காலில் உள்ள வெட்டு வழியாகவும் மூச்சு வழியாகவும் நுழையும், எக்ஸ்ரேயில் அச்சு அசல் டிபி போலவே தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கே அதிகம் வரும், சிஜிடி உள்ளவர்களுக்கும் வரும். சிஜிடிக்கு டிஹெச்ஆர் என்று ஒரு ரத்த டெஸ்ட் இருக்கிறது.

என் மகன் போன்ற ஆன்டிபாடிக் குறைபாட்டுக்கு அந்த அளவு தடை இல்லை. அவன் வயலுக்குப் போகிறான், வரப்பில் நடக்கிறான், ஆனால் கதிரடிக்கும் மிஷின் ஓடும்போதும், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும்போதும் நிற்பதில்லை. அந்த உமித்தூசி கெட்ட நுரையீரலுக்கு ஆகாது. போகிப் புகை, கொசுவத்தி, விறகடுப்பு இவற்றையும் வீட்டிலிருந்து எடுத்துவிட்டோம்.

தடுப்பூசி போடலாமா?

உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பு மருந்துகளைக் கேட்காமல் போடக்கூடாது. போலியோ சொட்டு மருந்து, பிசிஜி, ரோட்டா, தட்டம்மை-ரூபெல்லா இவையெல்லாம் உயிருள்ளவை, எதைத் தவிர்ப்பது என்பது குறைபாட்டின் வகையைப் பொறுத்தது. ஆன்டிபாடி இல்லாத பிள்ளைக்குச் சொட்டு மருந்தே அபூர்வமாகப் போலியோ வாதத்தைக் கொடுத்துவிடலாம், வைரஸ் மாதக்கணக்கில் குடலில் தங்கவும் கூடும். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் சொட்டுக்குப் பதில் போலியோ ஊசி போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். போலியோ முகாம் நாளில் வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ரிப்போர்ட் நகலைக் காட்டுங்கள், அவர் புரிந்துகொள்வார். வீட்டிலுள்ள பெரியவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது, பிள்ளைக்கு அது ஒரு வேலி. மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி அட்டவணைப்படி கட்டாயம் போடுங்கள், ஊரில் தட்டம்மை இல்லாமல் இருந்தால்தான் எங்கள் பிள்ளைகள் பிழைப்பார்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் வந்ததா? யார்மேல் தப்பு?

யார்மேலும் தப்பில்லை. இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது, ஏனென்றால் என் மாமியார் வீட்டில் 'உன் வழியாத்தான் வந்துச்சு' என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு.

எக்ஸ்எல்ஏ தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும். தாய்க்கு ஒன்றும் இருக்காது. அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒவ்வொரு பெண்ணும் என்னைப் போல் சுமப்பவளாக இருக்க அதே வாய்ப்பு. அசலில் கட்டினாலும் சொந்தத்தில் கட்டினாலும் இதில் மாற்றமில்லை. குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரலாம். ஆனால் வேறு பல வகைகளுக்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழை வர வேண்டும். அங்கேதான் அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டுவது வாய்ப்பைக் கூட்டுகிறது. ஒரு பிள்ளைக்கு உறுதியான பிறகு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்னால் மரபியல் ஆலோசனைக்குப் போங்கள். தங்கைமார், சித்தி பெண்கள் எல்லோருக்கும் தகவல் சொல்லுங்கள். நான் என் தங்கையிடம் சொன்னேன், அவள் மகன் பிறந்ததுமே டெஸ்ட் எடுத்தோம். அவனுக்கும் இருந்தது. 3 மாதத்திலிருந்து ஐவிஐஜி போகிறது, இன்று அவனுக்கு 8 வயது, ஒரு நிமோனியா கூட வந்ததில்லை. சிடியில் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது.

செலவை எப்படிச் சமாளிப்பது?

50 கிலோ உள்ளவருக்கு மாதம் 20 முதல் 30 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் நான்கு முதல் ஆறு. பிள்ளை வளர வளரச் செலவும் வளரும். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் எக்ஸ்எல்ஏ போன்றவற்றுக்கான இம்யூனோகுளோபுலின் சிகிச்சையும், சில வகைகளுக்கான மஜ்ஜை மாற்றும் இடம்பெற்றிருக்கின்றன. 2022இல் அந்த உதவி, அங்கீகரித்த சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை என்று உயர்ந்தது. ஆயுள் முழுக்கத் தேவைப்படும் மருந்துக்கு ஒரு உச்சவரம்பு வைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து, அது தீர்ந்த மறுமாதமும் பிள்ளைக்கு மருந்து வேண்டுமே. இருந்தாலும் விண்ணப்பியுங்கள். மரபணு ரிப்போர்ட், வருமானச் சான்று, ஆதார் எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும். எங்களுக்கு ஒரு எழுத்து மாறியதில் மூன்று மாதம் போனது.

முழுக்கக் குணமாக வழி உண்டா?

சில வகைகளுக்கு உண்டு. ஸ்கிட் என்கிற மிகக் கடுமையான வகை, சிஜிடி போன்றவற்றுக்கு மஜ்ஜை மாற்று. ஸ்கிட் குழந்தை ஒருவருக்கு 1968இலேயே அமெரிக்காவில் வெற்றிகரமாகச் செய்தார்கள். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னையிலும் மஜ்ஜை மாற்று செய்கிறார்கள். எத்தனை சீக்கிரம் என்பதுதான் முக்கியம்: 2014இல் வந்த ஆய்வில், பிறந்து மூன்றரை மாதத்துக்குள் மாற்று செய்த ஸ்கிட் குழந்தைகளில் 94 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் காய்ந்த ரத்தப் பொட்டிலேயே ஸ்கிட்டைக் கண்டுபிடிக்க முடியும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் ஆரம்பித்தது, 2018 முடிவதற்குள் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. இங்கேயும் எல்லாக் குழந்தைக்கும் அது வர வேண்டும்.

மரபணு சிகிச்சை 1990இல் ஒரு வகை ஸ்கிட்டுக்கு ஆரம்பித்தது. நடுவில் இன்னொரு வகைக்குச் செய்தபோது சில குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததால் வேகம் குறைந்து, முறையை மாற்றி மறுபடி தொடர்ந்தார்கள். எக்ஸ்எல்ஏவுக்கு அது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. 'ஒரே டோஸில் எதிர்ப்புச் சக்தி வரவைக்கிறேன்' என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

படிப்பு, வேலை, கல்யாணம்?

என் மகன் மன்னார்குடியில் டிகிரி முடித்து கணக்கு வேலை பார்க்கிறான். மாதத்தில் ஒருநாள் லீவு. கல்யாணம் செய்யலாம். அவனுக்குப் பிறக்கும் பையன்களுக்கு இந்த நோய் வராது, பெண்கள் எல்லோரும் சுமப்பவர்களாக இருப்பார்கள். பெண் வீட்டாரிடம் இதை மறைக்கக்கூடாது என்று அவனே சொல்லிவிட்டான்.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது? கோபித்துக்கொள்வாரோ?

நானும் பல வருடம் பயந்தேன். இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுக்கிறேன்: பிள்ளைக்கு எந்தெந்த வயதில் நிமோனியா, காதுச் சீழ் வந்தது, எத்தனை முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், தாய்வழியில் சிறுவயதில் இறந்த ஆண்பிள்ளைகள் எத்தனை பேர், பழைய ரிப்போர்ட்டில் குளோபுலின் எவ்வளவு. கடைசி வரியில் 'ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் பார்த்துவிடலாமா சார்?' என்று எழுதியிருக்கும். பேச வராவிட்டால் சீட்டை மேஜைமேல் வைத்துவிடுங்கள், அவரே படிப்பார். பழைய ஃபைல் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், எக்ஸ்ரே ஃபிலிம் உட்பட எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.